நலம் பெற்றும் வீடு பெறாதோர்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று திருவண்ணாமலையில் நிற்கவும் இடம் கிடைப்பதில்லை. மாலையில் மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படும்போது, மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர்ப் பாதை முழுவதும் மனிதத் தலைகளே தெரியும். மறுநாள் பொழுது விடிந்ததும் அப்பெருங்கூட்டம் பேருந்திலும் இரயிலிலுமாகக் கலையத் தொடங்கும். இரண்டு நாள்களில் ஊர் பழைய ஊராகிவிடும். வந்தவர்கள் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் எல்லாரும் திரும்புவதில்லை. கிரிவலப் பாதையோரம் தாமாக விரும்பித் தங்கிய துறவியர் பலர் உண்டு. அவர்களிடையே விரும்பாமல் தங்கியவர்களும் உண்டு. வயது முதிர்ந்தோர், மனம் பேதலித்தோர், நோயுற்றோர், வழி தவறியோர், வழியில் விடப்பட்டோர் எனப் பலர். திருத்தலம் எதுவாயினும் இந்தக் காட்சிக்கு விலக்கில்லை. நமது வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் இத்தகையோரைக் காணலாம். இறைவன் வாழும் இடத்தில் பசி ஆற்றுவோர் இருப்பர் என்ற நம்பிக்கை அவர்களை அங்கே கொண்டு வந்து சேர்க்கிறது. அல்லது அவர்களைக் கொண்டு வந்து விடுவோரின் மனச்சான்றுக்கு ஆறுதல் தருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நோயாளர் சந்திப்புக்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். ஆடவர் பிரிவின் கடைசியில், சன்னலோரக் கட்டிலில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். சாலையில் விழுந்து கால் முறிந்து, யாரோ கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது. புண்ணும் ஆறிவிட்டது. பணியிலிருந்த செவிலியர் நம்மிடம் சொன்னார்: “ஃபாதர், இவருக்கு வைத்தியம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதியாச்சு. கூட்டிட்டுப் போகத்தான் ஆளில்ல.”

முதியவரிடம், “ஐயா, எந்த ஊர்?” என்று கேட்டோம். ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அடுத்த வாரம் கேட்டபோது வேறோர் ஊரைச் சொன்னார். நாம் வியப்போடு பார்த்ததைக் கண்டு, “போக இடமில்லாதவன் எந்த ஊரைச் சொன்னா என்ன, சாமி?” என்றார்.

தமிழில் ‘வீடு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நாம் உறங்கி எழும் இல்லமும் வீடு. அறம், பொருள், இன்பம் ஆகியவற்றுக்கு அப்பால் முன்னோர் வைத்த பேறும் வீடு. உடல் நலம் பெற்றும் முதல் வீட்டைப் பெறாதவர் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களது வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது ஏழை நாட்டுக்கே உரிய துன்பம் என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் அண்மை ஆண்டுகளில், வீட்டுக்குச் செல்லத் தகுதியானவர் என்று மருத்துவர் முடிவு செய்த பின்னும் மருத்துவமனைக் கட்டிலிலேயே இரவைக் கழிப்போர் நாளொன்றுக்குப் பதினாயிரத்துக்கும் மேல். வீட்டில் வந்து உதவும் பணியாளர் இல்லை. பராமரிப்பு இல்லங்களில் இடமில்லை. தாமதத்துக்குக் காரணமான உள்ளாட்சி அமைப்புகளிடமிருந்து பணம் வசூலிக்க 2003இல் அங்கே தனிச் சட்டமே இயற்றினார்கள். தாமதம் ஒழியவில்லை. ‘படுக்கையை அடைத்துக் கொண்டிருப்பவர்’ என்று அம்முதியோருக்கு ஒரு பெயர் மட்டும் நிலைத்தது. குற்றம் கட்டிலில் இருப்பவருடையது போலல்லவா அப்பெயர் ஒலிக்கிறது!

இரண்டு பணிகள்

குணமாக்குவது ஒரு பணி. குணமானவரை ஊருக்குள் மீண்டும் சேர்ப்பது மற்றொரு பணி. இரண்டும் ஒன்றல்ல என்பதை மிகப் பழைய காலத்திலேயே ஒரு சமூகம் உணர்ந்திருந்தது. லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. ஆலயத்தில் அது வாசிக்கப்படும் நாளும் அரிது. பறவைகள், கேதுருக் கட்டை, ஈசோப்பு, எண்ணெய் என்று நீளும் பழைய சடங்கு விதிகள் அவை. தொழுநோய் நீங்கியவரை எவ்வாறு மக்களிடையே மீண்டும் சேர்ப்பது என்பதே அவ்வதிகாரத்தின் பொருள்.

அங்கே மூன்று குறிப்புகள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, குணமானவர் தாமே வாயிலைத் தட்டி உள்ளே வர வேண்டியதில்லை. குரு பாளையத்துக்கு வெளியே சென்று அவரைச் சந்திக்க வேண்டும். இரண்டாவது, திரும்பி வருதல் ஒரே நாளில் முடிவதில்லை. பாளையத்துக்குள் வந்த பின்னும் ஏழு நாள் தம் கூடாரத்துக்கு வெளியே தங்கி, எட்டாம் நாளில்தான் அவர் முழுமையாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். அந்த இடைக்காலத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு. மூன்றாவது, அவர் ஏழையாக இருந்தால் குறைந்த காணிக்கை போதும் என்று விதி இருக்கிறது. நெடுநாள் நோயில் கிடந்தவரிடம் பணம் இராது என்பதைச் சட்டம் முன்கூட்டியே அறிந்திருந்தது.

ஆண்டவர் இயேசு ஒரு தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய பின், குருவிடம் சென்று காட்டுமாறு அவரை அனுப்புவதை மாற்கு நற்செய்தியாளர் முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார். குணம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. பின் ஏன் குருவிடம் அனுப்ப வேண்டும்? அவரை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பு குருவிடமும், அவர் வழியாக ஊராரிடமும் இருந்ததால் அன்றோ! குணமளித்தவர் அந்த இரண்டாம் பணியைத் தாமே செய்து முடிக்காமல், அதற்கு உரியவர்களிடம் விட்டுச் சென்றார்.

வெளியேற்றும் சடங்கு

பின்வந்த நூற்றாண்டுகளில் இப்பணி என்னவாயிற்று என்பதை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோயாளருக்குத் திருச்சபை பல இல்லங்களை அமைத்தது. 1179ஆம் ஆண்டின் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், அவர்களுக்குத் தனிக் கோயிலும் தனிக் கல்லறைத் தோட்டமும் வைத்துக்கொள்ள உரிமை அளித்தது. இவை அன்பின் செயல்களே. ஆயினும் அதே காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்த சில சடங்கு நூல்களில், தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரிக்கும் முறையும் காணப்படுகிறது. கறுப்புத் துணியின் கீழ் அவரை முழந்தாளிடச் செய்து, அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, இறந்தவருக்குச் செய்வதுபோல அவர் கால்மீது மண்ணள்ளிப் போட்டு, இனி சந்தைக்கும் ஆலைக்கும் கோயிலுக்கும் செல்லலாகாது என்று குரு வாசித்துக் காட்டுவார். இது எங்கெங்கே, எவ்வளவு பரவலாக நடந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வெளியே அனுப்பச் சடங்கு எழுதியவர்கள், உள்ளே அழைக்கும் பழைய சடங்கைப் புதுப்பிக்கவில்லை.

நம் நாட்டில் ஆங்கிலேய அரசு 1898இல் இயற்றிய தொழுநோயாளர் சட்டமும் இத்தகையதே. பிச்சை எடுக்கும் ஏழைத் தொழுநோயாளரைக் காவலர் பிடித்து இல்லத்தில் அடைக்க அது வழி செய்தது. வெளியே வந்தவர் எங்கே போவார், எதை உண்பார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. நாடு விடுதலை அடைந்து பல பத்தாண்டுகள் கடந்த பின், 2016இல்தான் மைய அரசு அச்சட்டத்தை நீக்கியது. கணவன் அல்லது மனைவியின் தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்கும் விதி 2019இல்தான் குடும்பச் சட்டங்களிலிருந்து அகற்றப்பட்டது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன!

திருந்திய கைகள்

நமது பழைய வடஆற்காடு மாவட்டமும் அதை அடுத்த செங்கல்பட்டுப் பகுதியும் தொழுநோய் மிகுந்த நிலங்களாக இருந்தவை. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920களில் வில்லிங்டன் சீமாட்டி பெயரால் ஒரு தொழுநோய்க் குடியிருப்பு அமைந்தது. 1940களின் பிற்பகுதியில் டாக்டர் இராபர்ட் காக்ரேன் அங்கே சல்போன் மருந்துகளைக் கையாண்டபோது, நூற்றாண்டுகளாக ‘தீராத நோய்’ எனப்பட்டது தீரத் தொடங்கியது. 1955இல் அந்நிலையம் மைய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாறியது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நல நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. அதன்பின் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோயை முற்றும் நீக்கலாம் என்ற நிலை வந்தது.

நோய் தீர்ந்தது, நோயாளி தீரவில்லை. இதை நம் பகுதியில் முதலில் கண்கூடாகக் கண்டவர்களில் ஒருவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அவர், 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் முறையை அங்கே வளர்த்தார். பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த கைகள் விரிந்தன. மருத்துவமனை மகிழ்ந்தது. ஆனால் குணமாகிச் சென்ற சிலர் சில மாதங்களில் திரும்பி வந்து, தமக்குத் தீமை செய்துவிட்டதாக முறையிட்டார்களாம். மடங்கிய கையைக் கண்டால் பிச்சையாவது விழும். நிமிர்ந்த கைக்கு அதுவும் விழாது. வடுவுள்ள கைக்கு வேலையும் தரமாட்டார்கள். வாடகைக்கு இடமும் கிடைக்காது. மருத்துவரின் வெற்றி நோயாளியின் வயிற்றில் அடித்தது!

அறுவை மருத்துவத்தில் வல்லவரான அவர் இதை ஒரு மருத்துவக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார் என்பதுதான் சிறப்பு. 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே ‘நவஜீவ நிலையம்’ உருவாயிற்று. பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. கிராமத்தில் காண்பது போன்ற எளிய குடிசைகள். அங்கே தங்கியோர் தச்சு வேலை கற்றார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். உணர்ச்சியற்ற கையைச் சுட்டுக்கொள்ளாமலும் வெட்டிக்கொள்ளாமலும் எப்படி உழைப்பது என்று பழகினார்கள். மருத்துவமனைக் கட்டிலுக்கும் ஊர் வீட்டுக்கும் நடுவே ஓர் இடம் அது. லேவியர் நூல் சொன்ன அந்த ஏழு நாள்கள், வேலூரில் குடிசை வடிவில் மீண்டும் வந்தன என்று சொன்னால் மிகையாகாது.

வேறொரு வழியைத் தேர்ந்தவர் பெல்ஜிய நாட்டு மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ். காங்கோ நாட்டில் தொழுநோயாளரிடையே பல ஆண்டுகள் உழைத்த அவர், 1955இல் மதுராந்தகத்தை அடுத்த பொலம்பாக்கத்தில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அவரோடு வந்த டாக்டர் கிளேர் வெல்லு கத்தோலிக்கப் பொதுநிலைப் பெண்மணி; இந்தியக் குடியுரிமை பெற்று, 2013இல் மறையும்வரை இந்நாட்டுத் தொழுநோயாளருக்காகவே வாழ்ந்தவர். வீட்டைவிட்டுப் பிரித்தால் திரும்பச் சேர்ப்பது கடினம்; ஆகவே பிரிக்காமலேயே வைத்தியம் செய்வோம் என்பதே அவர்களது வழி. குறித்த நாளில் குறித்த சாலையோர மரத்தடிக்கு மருத்துவரின் வண்டி வரும். நோயாளர் வயல் வேலைக்கு நடுவே வந்து மருந்து பெற்று, மாலையில் தம் வீட்டுக்கே திரும்புவர். அந்த ‘மரத்தடி வைத்தியசாலை’ முறையைப் பிற நாட்டாரும் வந்து பார்த்துக் கற்றார்கள்.

ஆயினும் மரத்தடி வைத்தியம் வருமுன்பே வீட்டை இழந்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்காக 1970களின் தொடக்கத்தில் தமிழக அரசு பரனூர் முதலிய இடங்களில் மறுவாழ்வு இல்லங்களை அமைத்தது. தாமாகக் கூடி வாழ்ந்த குடியிருப்புகளும் நாடெங்கும் தோன்றின. தேசிய அளவில் தொழுநோய் ஒரு பொதுநலச் சிக்கலாக இல்லை என்று 2005 இறுதியில் அறிவிக்கப்பட்டது. அக்குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் வாழும் முதியோரின் உடலில் கிருமி இல்லை. அவர்களுக்குத் திரும்ப ஓர் ஊரும் இல்லை.

கீழ்ப்பாக்கத்துச் சுவர்களுக்குள்

தொழுநோயாளருக்கு நேர்ந்ததே மனநோயாளருக்கும் நேர்ந்தது. சென்னையில் 1794ஆம் ஆண்டு வாலண்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர் மனநோயாளருக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அதன் வழிவந்த அரசு நிலையம் 1871இல் 145 பேருடன் கீழ்ப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. 1922இல் அது மனநல மருத்துவமனை என்று பெயர் பெற்றது. பின்னர் மனநல நிலையமாக உயர்ந்தது. 1858, 1912 ஆண்டுகளின் சட்டங்கள் ஒருவரை உள்ளே சேர்ப்பதற்கான விதிகளை விரிவாகத் தந்தன. வெளியே செல்ல, பெரும்பாலும் உறவினர் வந்து பொறுப்பேற்க வேண்டும். உறவினர் வரவில்லையென்றால்?

பலருக்கு வரவில்லை. சேர்க்கும்போது கொடுத்த முகவரிக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. பெற்றோர் இறந்துபோயினர். சொத்து பாகம் பிரிக்கப்பட்டது. மனைவியாக உள்ளே சென்றவர், கணவரின் வேறொரு குடும்பத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மருந்தால் தெளிந்த அறிவு, தமக்கு வீடு இல்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வதற்கே உதவிற்று எனில், அத்தெளிவை என்னென்பது?

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்க மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். சுவருக்கு வெளியே இருந்து வந்து செல்லும் புறநோயாளர் பிரிவையும், உள்ளிருப்போர் கைத்தொழில் பழகும் ஏற்பாட்டையும் அவர் காலம் வளர்த்தது. ஓய்வு பெற்ற பின் 1984இல், மனச்சிதைவு நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் துணைநிற்க ‘ஸ்கார்ஃப்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல் தொண்ணூற்றெட்டாம் வயதில் மறையும்வரை அவர் வலியுறுத்தியது, மருந்தோடு மறுவாழ்வும் வேண்டும் என்பதையே.

1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்கள் இருவர், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக ‘பான்யன்’ இல்லத்தைத் தொடங்கினர். குணமானவர்கள் முணுமுணுத்த ஊர்ப்பெயர்களைக் கொண்டு, இரயிலேறி, மொழி தெரியாத மாநிலங்களிலும் வீடு தேடிச் சென்று சேர்த்தார்கள். சேர்க்க வீடே இல்லாதவர்க்கு, 2015 முதல் ஊர் நடுவே வாடகை வீடுகள் எடுத்து, நான்கைந்து பேராகக் குடும்பம்போல் வாழ வழி செய்தார்கள். சந்தைக்குப் போகவும், சமைக்கவும், அண்டை வீட்டாரோடு பேசவும் அங்கே எந்தத் தடையும் இல்லை.

இடையில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நடந்ததைத் தமிழகம் மறக்கலாகாது. தர்கா அமைந்த அத்திருத்தலத்தின் அருகே, தனியார் நடத்திய ஒரு குடிலில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். அதுவும் ஒரு திருத்தலமே. அங்கும் கொண்டு வந்து விட்டவர்கள் குடும்பத்தாரே. அரசு அத்தகைய குடில்களை மூடி, பலரைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டு வந்தது. வீட்டுக்குப் போக முடியாதவர்களின் கூட்டம் அங்கே இன்னும் பெருகிற்று.

2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இங்கே ஒரு திருப்புமுனை. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, சமூகத்தில் வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் எவரும் மனநல நிலையத்தில் தொடர்ந்து வைக்கப்படலாகாது என்று அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. இடைத்தங்கல் இல்லங்களையும் குழு இல்லங்களையும் அமைப்பதை அரசின் கடமையாக்குகிறது. எனினும் சட்டம் வந்த பின் 2019இல் வெளியான ஆய்வொன்று, நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்கு மேலாக உள்ளேயே இருப்பதைக் காட்டியது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வெளியே நின்று கைபிடிப்போர் போதவில்லை.

ஒரு திருத்தலம் செய்தது

பொலம்பாக்கத்து மருத்துவர் பிறந்த அதே பெல்ஜிய நாட்டில் கேல் என்றொரு சிற்றூர் உண்டு. தந்தையின் வெறிக்குத் தப்பி ஓடிவந்து, அங்கேயே அவர் கையால் உயிர்நீத்ததாக மரபு கூறும் புனித திம்ப்னாவின் ஊர் அது. மனம் பேதலித்தோரின் பாதுகாவலர் என அவர் வணங்கப்பட்டதால், இடைக்காலத்திலேயே மனநோயாளரை அழைத்துக்கொண்டு மக்கள் அங்கே திருப்பயணம் வந்தனர். கோயிலை ஒட்டிய நோயாளர் அறையில் ஒன்பது நாள் தங்கிச் செபிப்பது வழக்கம்.

அறை சிறிது, வருவோர் பலர். இடத்துக்காகக் காத்திருந்தோரும், நவநாள் முடிந்தும் தெளியாதோரும் எங்கே போவர்? கோயில் குருக்கள் ஊராரைக் கேட்டார்கள். உழவர் குடும்பங்கள் அவர்களைத் தம் வீட்டில் ஏற்றன. சில வாரங்களுக்கு என்று வந்தவர் ஆண்டுக்கணக்கில் தங்கினார். வயலில் உடன் உழைத்தார். ஒரே மேசையில் உண்டார். வீட்டுக் குழந்தைகளோடு பழகினார். பெற்றோர் இறந்தபின் அவரைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். ஊரார் அவர்களை நோயாளர் என்று அழைப்பதில்லை. வீட்டில் தங்குபவர் என்றே அழைப்பர். 1850 முதல் பெல்ஜிய அரசு மேற்பார்வையை ஏற்று, குடும்பங்களுக்கு உதவித்தொகையும் தந்து, அவசரத்துக்கு மருத்துவமனையும் அமைத்தது. 1938இல் அச்சிற்றூரின் வீடுகளில் தங்கியோர் 3,736 பேர். வாழ்க்கை முறை மாறிவிட்டதால் இன்று அவ்வெண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. வழக்கம் மட்டும் அற்றுப்போகவில்லை.

அவ்வூரார் நம்மைவிடப் புனிதர்களா? அப்படித் தோன்றவில்லை. உழைக்கக் கூடுதல் கை கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. அவர்களிடமும் குறைகள் இருந்திருக்கும். ஆயினும் இடமில்லை என்று கோயில் கைவிரித்தபோது, ஊர் தன் வீட்டில் இடம் கண்டது. தாம் வணங்கிய புனிதரின் விருந்தினரைத் தெருவில் விடலாகாது என்று எண்ணியது. திருத்தலம் என்னும் சொல்லுக்கு அவர்கள் கண்ட பொருள் அது.

நமது வாயிலில்

மீண்டும் அந்தச் சன்னலோரக் கட்டிலுக்கு வருவோம். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்குப் பேரவையில் அம்முதியவரைப் பற்றிப் பேசினோம். கோலூன்றி நடக்கிறார், ஆறு மாதம் தங்க ஓர் இடம் வேண்டும் என்றோம். யாரும் கடுஞ்சொல் பேசவில்லை. யாரும் வாய் திறக்கவும் இல்லை. சற்றுப் பொறுத்து ஒருவர், “முதியோர் இல்லத்துக்குச் சொல்லலாமே சாமி” என்றார். சொன்னோம். தாமாக எழுந்து கழிவறைக்குப் போவாரா, யார் கையெழுத்திடுவார், இறந்தால் அடக்கத்துக்கு யார் வருவார் என்று கேட்டார்கள். அவை நேர்மையான கேள்விகள். நம்மிடம் விடையில்லை.

அன்றிரவு பங்கு இல்லத்துக்குத் திரும்பி, நம் அறையைத் திறக்கும்போது எதிர் அறையின் பூட்டு கண்ணில் பட்டது. வந்து போகும் குருக்களுக்கென வைத்திருக்கும் அறை. கட்டிலும் மெத்தையும் மின்விசிறியும் உண்டு. ஆண்டில் பத்து நாள் திறப்போம். பேரவையில் அத்தனை பேரிடம் இடம் கேட்ட நமக்கு, அந்த அறை நினைவுக்கே வரவில்லை. நினைவுக்கு வந்த பின்னும் நாம் உறங்கிவிட்டோம் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் சென்றபோது அக்கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். வெளிமாவட்டத்து இல்லம் ஒன்று முதியவரை அழைத்துச் சென்றதாகச் செவிலியர் சொன்னார். இடத்தைக் குறித்துக்கொண்டோம். இன்றுவரை போகவில்லை. இலேவியர் குலத்துக் குருவுக்குப் பாளையத்துக்கு வெளியே செல்லும் கடமை இருந்தது, நமக்கு நேரமில்லை.

பெரிய நிறுவனங்கள் செய்ய வேண்டியவை பல உண்டு. அரசு செய்ய வேண்டியவை அதனினும் பல. அவற்றைக் கேட்டுப் பெறுவதும் குடிமக்களாகிய நம் கடமையே. ஆனால் ஒரு பங்கு தன் எல்லைக்குள் செய்யக்கூடியவையும் சில உண்டு. வைத்தியம் முடிந்தும் ஆளில்லாமல் இருப்போர் யார் என்று மாதம் ஒருமுறை மருத்துவமனையில் கேட்டறியலாம். நோயாளியோடு தங்க ஆளில்லாதபோது அன்பியங்கள் முறை வைத்துச் செல்லலாம். வீட்டார் இருந்தும் தயங்கினால், உடன் சென்று திண்ணையில் அமர்ந்து பேசலாம். நடுவில் மூன்றாமவர் ஒருவர் இருந்தால், பழைய மனத்தாங்கல் தணிந்து கதவு திறப்பதை நாம் கண்டிருக்கிறோம். அப்படித் திரும்பியவரை அடுத்த வாரமும் அடுத்த மாதமும் போய்ப் பார்க்கலாம். எட்டாம் நாள் வரை உடனிருப்பது என்பது இதுவே. வீடே இல்லாதவர்க்கு, நூறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு வீட்டின் வாடகையைக் கொடுக்க முடியாதா?

கிறித்தவருக்கு மட்டும் என்று இதைச் சொல்லவில்லை. கட்டிலில் இருப்பவரின் சமயத்தை யாரும் கேட்கப்போவதில்லை. மலையைச் சுற்ற வந்தவரும் மாதா கோயிலுக்கு வந்தவரும் ஒரே பிரிவில்தான் படுத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பிறருக்குச் சொல்லுமுன் நாம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அந்த எதிர் அறையின் சாவி நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் முதலில் அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கப் போகிறோம்.